மொட்டை மாடியில ரேடியோ டெலஸ்கோப்: குடையா, கம்பியா, தகர டப்பாவா?

போன வருஷம் எங்க ஸ்கூல் ஒன்பதாவது புள்ளைங்கள ஊட்டி டூர் கூட்டிட்டுப் போனப்ப, கார்டன் போட் ஹவுஸ் எல்லாம் முடிச்சிட்டு டிரைவர் அண்ணன்கிட்ட கெஞ்சி வண்டிய முத்தோரை பக்கம் விடச் சொன்னேன். அங்க மலைச்சரிவுல ஒரு ரேடியோ டெலஸ்கோப் இருக்கு, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 ஃப்ரேம் நட்டு அதுல 1,100 மெல்லிசு ஸ்டீல் கம்பிய நீளவாக்குல இழுத்துக் கட்டியிருக்காங்க, 1970-ல வேலைக்கு வந்தது, இன்னைக்கும் ஓடுது. புள்ளைங்க ஒரு பெரிய குழாயும் லென்ஸும் இருக்கும்னு நெனச்சு வந்திருந்தாங்க, ஆனா பாத்தது மலையில சாய்ச்சு வெச்ச பந்தல் மாதிரி ஒண்ணு. "மிஸ், இதுல எங்க கண்ண வெக்கிறது?"ன்னு ஒருத்தி கேட்டா. கண்ணே வெக்க வேண்டாம், இது கேக்குற டெலஸ்கோப்புன்னு சொன்னேன், அதுக்கப்புறம் கீழ எறங்குற வரைக்கும் பஸ்ஸுல இதே பேச்சு, கடைசில "நம்ம ஸ்கூல் மாடியில சின்னதா ஒண்ணு செய்யலாமா மிஸ்"னு வந்து நின்னுச்சு.

செஞ்சோம். ஒண்ணு இல்ல, மூணு விதமா முயற்சி பண்ணிப் பாத்தோம். இப்ப வேற ஸ்கூல் டீச்சருங்க, காலேஜ் பசங்க எல்லாரும் "எதுல ஆரம்பிக்கலாம்"னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒரு விஷயம், ரேடியோ டெலஸ்கோப் படம் எடுக்குற சாமான் இல்ல. அது அளக்குறது இரைச்சல. சூடா இருக்குற எல்லாத்துல இருந்தும் ரேடியோ அலை கொஞ்சமாவது வரும், சுவத்துல இருந்து வரும், நம்ம ஒடம்புல இருந்தும் வரும். டெலஸ்கோப்போட வேலை "இந்தப் பக்கம் இரைச்சல் அந்தப் பக்கத்த விட அதிகமா, எவ்வளவு அதிகம்"னு சொல்றதுதான், அப்படி நூத்துக்கணக்கான பக்கம் பாத்து நம்பர நம்பரா அடுக்குனா அப்புறம்தான் படம். 1930-கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல கார்ல் ஜான்ஸ்கின்னு ஒருத்தர், கடல் தாண்டிப் பேசுற ரேடியோ போன்ல எங்கிருந்து கரகரப்பு வருதுன்னு கண்டுபிடிக்கிற வேலையில இருந்தாரு, இடி மின்னல் எல்லாம் கழிச்சப்புறமும் ஒரு இரைச்சல் மிச்சம் இருந்துச்சு, அது தெனமும் நாலு நிமிஷம் முன்னாடியே வந்துச்சு. நட்சத்திரங்கதான் தெனமும் நாலு நிமிஷம் முன்னாடி உதிக்கும், சூரியன் இல்ல. அப்ப அந்த சத்தம் சூரியனுக்கு அப்பால, நம்ம பால்வெளில இருந்து வருது. இந்தத் துறையே இப்படித்தான் ஆரம்பிச்சுது, ஒருத்தர் இரைச்சலத் தூக்கிப் போடாம அது வர்ற நேரத்தக் குறிச்சு வெச்சதால.

தரையில இருந்து பாக்குறதுல ஒரு சௌகரியமும் ஒரு கட்டுப்பாடும் இருக்கு. மேகம் இருந்தாலும் பகலா இருந்தாலும் ரேடியோ அலை கீழ எறங்கி வந்துடும், அது சௌகரியம். ஆனா கிட்டத்தட்ட 10 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது செகண்டுக்கு ஒரு கோடி துடிப்புக்குக் கீழ இருந்தா, மேல மின்னேற்றத்தோட இருக்குற காத்து அடுக்கு, அயனி மண்டலம்னு சொல்வாங்க, அது திருப்பி அனுப்பிடும், ரொம்ப மேல போனா காத்துல இருக்குற ஈரப்பதம் குடிச்சுடும், அதனாலதான் மில்லிமீட்டர் அலை பாக்குற ஆல்மா டெலஸ்கோப்ப சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துல 5,000 மீட்டர் உயரத்துல கொண்டுபோய் வெச்சிருக்காங்க. நமக்கு மாடி போதும், ஆனா இந்த ரெண்டு எல்லைக்கும் நடுவுல எந்த அலைய கேக்கப் போறோம்ங்கறதுதான் மொத்த முடிவும். அலைநீளம் என்னவோ அதுக்கேத்த சைஸ், அதுக்கேத்த எடம், அதுக்கேத்த செலவு. டெலஸ்கோப்போட அகலத்துல எத்தன அலை அடங்குதோ அந்தளவுக்கு அதோட பார்வை கூர்மை. இத மனசுல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாக்கலாம்.

குடையில இருந்து ஆரம்பிக்கிறேன், எங்க ஊர்ல டிடிஎச் டிஷ்ஷ குடைன்னுதான் சொல்வாங்க. எந்தத் தெருவுல பாத்தாலும் ஒரு மாடியில துருப்பிடிச்ச குடை ஒண்ணு சும்மா கெடக்கும், கேட்டா "எடுத்துட்டுப் போங்க டீச்சர்"னு குடுத்துடுவாங்க. அதோட மூக்குல இருக்குற எல்என்பி, அதாவது அலைய வாங்கி கீழ் அலைவரிசைக்கு எறக்கி வயர்ல அனுப்புற பெட்டி, கிட்டத்தட்ட 11 கிகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யும், அலைநீளம் 2.7 செமீ. ரெண்டடி குடைக்கு அது ஏராளம், பார்வை 3 டிகிரிக்கு வந்துடும். தேவையானது டிஷ் மாட்டுறவங்க வெச்சிருக்குற சின்ன சிக்னல் மீட்டர், ரெண்டு எஃப் கனெக்டர், கொஞ்சம் வயர், கரண்ட்டுக்கு பழைய செட் டாப் பாக்ஸ். ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுது. எங்க தெரு டிஷ் அண்ணன் வந்து வயர் சீவிக் குடுத்துட்டு, எதுக்குன்னு கேட்டுட்டு, அவரும் கடைசி வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போனாரு.

வெறும் வானத்தப் பாத்து மீட்டர் முள்ள கீழ கொண்டு வந்து நிறுத்துங்க. இப்ப எல்என்பி முன்னாடி கைய வையுங்க, முள்ளு ஏறும், கை சூடு, வானம் குளிர்ச்சி, அவ்வளவுதான் காரணம். இத பாத்தப்ப புள்ளைங்க மூஞ்சி மாறுச்சு பாருங்க, அதுக்காகவே குடைய எல்லாரும் ஒரு தடவ செய்யணும்னு சொல்வேன். அப்புறம் சூரியன் பக்கம் திருப்புனா முள்ளு நல்லா எகிறும். சூரியன் வானத்துல அரை டிகிரிதான், குடையோட 3 டிகிரி பார்வையில ஒரு ஓரம் மட்டும்தான் அடைக்குது, இருந்தாலும் இந்த அலையில அது பத்தாயிரம் டிகிரிக்கு மேல சூடுங்கறதால அந்த ஓரமே போதும். சூரியன குடையில பிடிக்கிறது மொதல்ல குழப்பும், ஏன்னா நம்ம டிடிஎச் குடையெல்லாம் ஆஃப்செட், அது பாக்குற மாதிரி தெரியுற எடத்துக்கு 20, 25 டிகிரி மேலதான் நெஜமா பாக்கும். குடை மேல நகத்தளவு கண்ணாடித் துண்டு ரெண்ட ஒட்டி, அதுல பட்ட வெயில் எல்என்பி மூஞ்சில விழுற வரைக்கும் திருப்புங்க. முழுக் குடைக்கும் பளபளன்னு ஃபாயில் ஒட்டிடாதீங்க, வெயில் மொத்தமும் குவிஞ்சு எல்என்பி உருகிடும்.

இதுல இன்னொரு அழகு. வருஷத்துல ரெண்டு தடவ, நம்ம பக்கம் மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசியிலயும், சில நாள் பகல்ல கொஞ்ச நிமிஷம் டிஷ் டிவி படம் உடைஞ்சு போகும், மழையும் இருக்காது, எல்லாரும் கஸ்டமர் கேருக்கு போன் போடுவாங்க. சாட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி சூரியன் வந்து நிக்குது, அதோட இரைச்சல் டிவி சிக்னல மூழ்கடிச்சிடுது. நம்ம வீட்டுக் குடை எல்லாமே அந்த நிமிஷத்துல ரேடியோ டெலஸ்கோப்தான்.

சின்ன குடைய சாதாரணமா நெனக்கவும் வேண்டாம், ஊட்டி டெலஸ்கோப்ப கட்டுன கோவிந்த் ஸ்வரூப் இந்தியாவுல மொதல்ல வெச்சதே பம்பாய் பக்கத்துல கல்யாண்ல ஆஸ்திரேலியாக்காரங்க குடுத்த 32 சின்ன டிஷ், ஒவ்வொண்ணும் 1.8 மீட்டர்தான், 1965-ல அதுல சூரியனத்தான் பாத்தாங்க. அப்புறம் அவரே புனே பக்கத்துல 45 மீட்டர் டிஷ் முப்பது வெச்சு ஜிஎம்ஆர்டிங்கற பெரிய ரேடியோ டெலஸ்கோப்ப கட்டினாரு.

ஆனா குடையோட பிரச்சனையும் சொல்லணும். சூரியன் முடிஞ்சா அடுத்தது என்ன? நிலாவ முயற்சி பண்ணலாம், ரெண்டடி குடையில அது ரொம்ப மெல்லிசாத்தான் ஏறும், மீட்டர் முள்ளுக்கு நம்பகமா தெரியாது. அதுக்கப்புறம் இருக்குறது எல்லாமே இந்தக் குடைக்கு எட்டாத தூரம். வழியில சாட்டிலைட்டுங்க வேற, நம்ம ஊர்ல இருந்து அந்த சாட்டிலைட் வரிசை கிட்டத்தட்ட உச்சந்தலைய ஒட்டி கிழக்கு மேற்கா போகுது, எங்க திருப்பினாலும் ஒண்ணு குறுக்க வந்து முள்ள ஏத்தி விட்டுடும், புள்ளைங்க அத நட்சத்திரம்னு நெனச்சிடுவாங்க. ஒரு வாரத்துல எங்க குடை மேல ஆர்வம் வடிஞ்சிருச்சு, அது புள்ளைங்க தப்பில்ல.

அடுத்தது கம்பி, அதாவது டைபோல், நடுவுல இருந்து வயர் எடுக்குற நேர்க் கம்பி ஆன்டெனா. இது இன்னொரு கோடி. 20 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 15 மீட்டர், கேக்கப் போறது வியாழன் கிரகம். வியாழன்ல இருந்து ரேடியோ வருதுன்னு 1955-ல பர்க், ஃபிராங்க்ளின்னு ரெண்டு பேரு 22 மெகாஹெர்ட்ஸ்ல வேற எதையோ தேடும்போது தற்செயலா கண்டாங்க. வியாழனோட காந்தப்புலத்துக்குள்ள அதோட அயோ நிலா 42 மணி நேரத்துக்கு ஒரு சுத்து சுத்துது, அது ஒரு குறிப்பிட்ட நிலையில வரும்போது வெடிப்பு வெடிப்பா ரேடியோ கிளம்பும். ஸ்பீக்கர்ல போட்டா ஒரு வகை கடலலை கரையில உருளுற மாதிரி, இன்னொரு வகை பொரி பொரியுற மாதிரி கேக்கும். நாசா இதுக்குன்னே ரேடியோ ஜோவ்னு பள்ளிக்கூடத் திட்டமே வெச்சிருக்கு, அதோட ஆன்டெனாதான் நாங்க கட்டினது, தலா 7 மீட்டர் செம்புக் கம்பி ரெண்டு வரிசை, மூங்கில் கம்பத்துல தரைக்கு மேல 3 மீட்டர் உயரத்துல.

கம்பி, கம்பத்துச் செலவுன்னு பாத்தா கம்மிதான். ஆனா எடம்? ஸ்கூல் மாடியில இது நடக்காது, நாங்க ஒரு மாணவியோட தாத்தா தோட்டத்துல கட்டினோம், கரும்பு வெட்டி முடிச்ச காடு. பூமியும் நேரமும் கேக்குற டெலஸ்கோப் இது. ராத்திரியிலதான் பெரும்பாலும் கேக்கும், பகல்ல அயனி மண்டலம் தடிச்சிருக்கும். வியாழன் மேல இருக்கணும், அயோ சரியான எடத்துல இருக்கணும், தெக்க எங்கயோ மின்னல் வெட்டக் கூடாது. சித்திரை வைகாசி சாயங்காலம்னா இடிமழை, ஐப்பசி கார்த்திகைன்னா அடைமழை, நடுவுல கெடைக்கிற ராத்திரிங்க எண்ணி எடுக்கலாம். அதுக்கு மேல மோட்டார் ஸ்டார்ட்டர், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், ஃபோன் சார்ஜர்னு எல்லாமே இந்த அலையிலதான் கத்துது. நாங்க பதினோரு ராத்திரி உக்காந்தோம். ஒரே ஒரு ராத்திரி, விடியற்காலம் மூணே காலுக்கு, அந்த அலை உருளுற சத்தம் ஒரு பத்து நிமிஷம் கேட்டுது, தாத்தாதான் மொதல்ல "ஏதோ கடல் மாதிரி கேக்குது சாமி"ன்னு சொன்னாரு. எனக்கு இன்னமும் நெனச்சா புல்லரிக்குது. ஆனா மூணு மாசத்துல பத்து நிமிஷம், இத நாப்பது புள்ளைங்க இருக்குற வகுப்புக்கு மொத டெலஸ்கோப்பா நான் சிபாரிசு பண்ண மாட்டேன். தோட்டம் இருக்கு, ராத்திரி முழிக்க ஆளு இருக்கு, காத்திருக்குறதுல ஒரு சுகம் இருக்குன்னு நெனக்கிறவங்களுக்கு இதுக்கு ஈடே கெடையாது. ஆராய்ச்சியில இந்த மாதிரி நீள அலைக்கு எவ்வளவு எடம் ஆகும்னு பாக்கணும்னா கர்நாடகாவுல கௌரிபிதனூர எடுத்துக்கங்க, 34.5 மெகாஹெர்ட்ஸுக்கு 1,000 டைபோல, ஒரு கை மட்டுமே 1.4 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிச்சாங்க.

மூணாவதுதான் நான் ஆசையா சொல்ல வந்தது, தகர டப்பாவும் தெர்மாகோலும் வெச்சு செய்யுற ஹார்ன், அதாவது புனல் மாதிரி வாய் விரிஞ்ச ஆன்டெனா.

பிரபஞ்சத்துல ரொம்ப அதிகமா இருக்குறது ஹைட்ரஜன். ஒரு ஹைட்ரஜன் அணுவுல ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான், ரெண்டுக்கும் தற்சுழற்சி உண்டு. ரெண்டும் ஒரே பக்கமா இருக்குற நிலையில இருந்து எலக்ட்ரான் குப்புறத் திரும்புனா ஒரு துளி சக்தி வெளிய வரும், அது 1420.4 மெகாஹெர்ட்ஸ் அலை, 21 செமீ. தனியா விட்டா ஒரு அணு இப்படித் திரும்ப சராசரியா ஒரு கோடியே பத்து லட்சம் வருஷம் ஆகும். ஆனா பால்வெளியில அணு எவ்வளவு இருக்கு, அதனால எந்த நேரம் பாத்தாலும் வந்துக்கிட்டேதான் இருக்கும். 1944-ல வான் டி ஹல்ஸ்ட்ங்கற டச்சு விஞ்ஞானி கணக்குப் போட்டு இது வரும்னு சொன்னாரு, 1951 மார்ச்ல ஹார்வர்டுல ஈவன், பர்செல் ரெண்டு பேரும் பிளைவுட்டுல தாமிரத் தகடு ஒட்டி ஒரு ஹார்ன் செஞ்சு லேப் ஜன்னலுக்கு வெளிய நீட்டி வெச்சு பிடிச்சாங்க. மழை பெய்ஞ்சா ஹார்ன் வாய் வழியா தண்ணி லேபுக்குள்ள வந்துடுமாம், பசங்க பனிக்கட்டி உருண்டைய அதுக்குள்ள வீசி விளையாடுவாங்களாம். நாம செய்யப் போறதும் கிட்டத்தட்ட அதே சாமான்தான், அவங்களுக்கு ரேக் ரேக்கா தேவப்பட்ட ரிசீவர் இப்ப லேப்டாப்ல சொருகுற கட்டவிரல் சைஸ் டாங்கிளா மாறிடுச்சு.

செய்முறை. உள்ள ஒரு நாலுபட்டை தகர டப்பா வேணும், பெயின்ட் கடையில தின்னர் வர்ற பெரிய டப்பா. அதோட அகலப் பக்கம் 10.5 செமீக்கு மேல இருக்கணும், இல்லன்னா அலை உள்ளயே வராது, 21 செமீக்குக் கீழ இருக்கணும், இல்லன்னா அலை உள்ள கண்டபடி ஆடும், 15 இருந்து 17 நல்ல அளவு. 15 கிலோ எண்ணெய் டின்ன எடுத்துடாதீங்க, சுலபமா கெடைக்குதேன்னு நாங்க மொதல்ல அதத்தான் வெட்டினோம், அதோட பக்கம் 21-ஐத் தாண்டிடும். கடைக்கு ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க. டப்பாவோட பின்சுவத்துல இருந்து 7 செமீ தள்ளி, அகலப் பக்கத்து நடுவுல ஒரு ஓட்டை போட்டு, அதுல 5 செமீக்குக் கொஞ்சம் கூட ஒரு செம்புக் கம்பிய கனெக்டர்ல சால்டர் பண்ணி உள்ள நிக்க வையுங்க. இதுதான் காது. டப்பா வாயில இருந்து புனல் மாதிரி நாலு தெர்மாகோல் பலகை, உள்பக்கம் சமையல் அலுமினியம் ஃபாயில், ஓட்டுற எடமெல்லாம் அலுமினியம் டேப். எங்க ஹார்ன் வாய் 75 செமீக்கு 60. பார்வை ஒரு 20 டிகிரி, குடையோட ஒப்பிட்டா மொண்ணைதான், ஆனா பால்வெளியே வானத்துல பட்டையா கெடக்குறதால இது போதும்.

அப்புறம் ஹைட்ரஜன் அலைக்குன்னே வர்ற ஃபில்டர் வெச்ச ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு, ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒண்ணு, ஒரு லேப்டாப், குனு ரேடியோ மாதிரி இலவச சாஃப்ட்வேர். எங்களுக்கு மொத்தமா பத்தாயிரம் ரூபாய் பக்கத்துல ஆச்சு, பாதி ஆம்ப்ளிஃபையருக்கே. ஆன்லைன்ல வாங்குன மொத ஆம்ப்ளிஃபையர் வேற பேண்டுக்கானது, மேல லேபிள் மட்டும் சரியா இருந்துச்சு, திருப்பி அனுப்பி மாத்துறதுக்கு ஒரு மாசம் போச்சு. அடுத்தது வந்தப்புறமும் மூணு நாள் ஒண்ணுமே தெரியல, கடைசில பாத்தா ஆம்ப்ளிஃபையருக்கு வயர் வழியாவே கரண்ட் போகணும், அதுக்கு டாங்கிள்ல பயஸ் டீன்னு ஒரு செட்டிங்க ஆன் பண்ணணும், நான் பண்ணல. நீங்க மொதல்ல அதப் பாருங்க.

இதுல ரொம்பப் பேரு ஏமாந்து போற எடம் ஒண்ணு இருக்கு. ஸ்க்ரீன்ல வர்ற அலைவரிசை கிராஃப்ல 1420-ல ஒரு மேடு தெரிஞ்சதும் கெடச்சிருச்சுன்னு போட்டோ எடுத்துப் போட்டுடுவாங்க, பாதிக்குப் பாதி அது ஃபில்டரோட வடிவமா இருக்கும், இல்லன்னா டாங்கிள் தானா போடுற நடுக்கோடா இருக்கும். சோதிக்க ரெண்டு வழி. டாங்கிள் டியூனிங்க அரை மெகாஹெர்ட்ஸ் நகத்துங்க, நெஜ ஹைட்ரஜன் 1420.4-லயே நிக்கும், அதாவது ஸ்க்ரீன்ல எடம் மாறும், பொய் மேடு ஸ்க்ரீன்ல இருந்த எடத்துலயே ஒக்காந்திருக்கும். இல்லன்னா ஹார்ன அசைக்காம விட்டுட்டு சாப்பிட்டு வாங்க. பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துது, ரெண்டு மூணு மணி நேரத்துல பால்வெளி ஹார்ன் பார்வையத் தாண்டிப் போயிடும், மேடும் தணியணும். தணியலன்னா அது வானத்துல இருந்து வரல. எங்களோட மொத நெஜ மேடு தணிஞ்சத அஞ்சு புள்ளைங்க நோட்டுல நேரம் போட்டு எழுதினாங்க, மேடு வந்ததக் காட்டிலும் அது போனதுலதான் எனக்கு சந்தோஷம்.

அதுக்கப்புறம் கதவு திறக்குது. கூட்டிக் கூட்டி சராசரி எடுத்தா இரைச்சல் அடங்கும், நூறு மடங்கு நேரம் குடுத்தா பத்து மடங்கு சுத்தமாகும். நம்மள நோக்கி வர்ற ஹைட்ரஜன் கொஞ்சம் மேல் அலைவரிசையில தெரியும், விலகிப் போறது கீழ, செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர் வேகம்னா 4.7 கிலோஹெர்ட்ஸ் நகரும். ஹார்ன சிக்னஸ்ங்கற நட்சத்திரக் கூட்டம் பக்கம் திருப்பினோம், ஆவணி மாசம் ராத்திரி எட்டு மணிக்கு மேல அது வடக்க நல்ல உயரத்துல இருக்கும். ஒரு மேடு வரும்னு பாத்தா, பெரிய மேட்டுக்குப் பக்கத்துல மேல் அலைவரிசையில இன்னொரு சின்ன மேடு. பெருசு நம்ம பக்கத்துல இருக்குற வாயு, சின்னது பால்வெளியோட வெளிச் சுருள் கை, நம்மள நோக்கி வேகமா வருது. ஒரு தின்னர் டப்பாவ வெச்சு, பகலோ ராத்திரியோ, எந்த பெரிய எடத்துலயும் பர்மிஷன் கேக்காம, நாம குடியிருக்குற கேலக்ஸியோட கை ரெண்ட தனித்தனியா பாக்குறோம். பால்வெளி மையம் இருக்குற தனுசு பக்கத்தப் பாக்குறதுக்கும் நமக்கு சௌகரியம், ஐரோப்பாவுல அது அடிவானத்த ஒட்டிக் கெடக்கும், நம்ம ஊர்ல தெக்க 50 டிகிரி உயரத்துக்கு ஏறி வரும். மையத்துல இருந்து சிக்னஸ் வரைக்கும் பத்து பத்து டிகிரியா அளந்து, ஒவ்வொரு திசையிலயும் அதிகபட்ச வேகத்த எடுத்து, பூமியும் சூரியனும் ஓடுற வேகத்தக் கழிச்சுக் கணக்குப் போட்டா, மையத்த விட்டு விலக விலக வேகம் கொறையாம அப்படியே நிக்கிறது ஒரு கிராஃபா வரும். கண்ணுக்குத் தெரியுற நட்சத்திரத்த மட்டும் கூட்டுனா அந்த வேகத்துக்குக் கணக்கு பத்தாது, கரும்பொருள்னு பேசுறாங்களே, அதுக்கான ஆதாரத்துல ஒண்ணு இந்த கிராஃப்தான். இத பிளஸ் ஒன் புள்ளைங்க போட முடியும்.

இன்னொரு பெரிய காரணம், 1400-ல இருந்து 1427 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உலகம் முழுக்க யாரும் ஒலிபரப்பக் கூடாதுன்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க, முக்கியமா இந்த ஹைட்ரஜனுக்காக. அதனால டவுனுக்கு நடுவுல இருக்குற ஸ்கூல் மாடியிலயும் இது வேலை செய்யும். தொந்தரவே இருக்காதுன்னு சொல்லல, லேப்டாப் சார்ஜர கழட்டுங்க, பக்கத்து எல்இடி லைட்ட அணைங்க. ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ்ல இருக்குற 64 மீட்டர் டிஷ்ஷுல பல வருஷமா வந்த ஒரு புரியாத சிக்னல் கடைசில 2015-ல அங்கயே இருந்த மைக்ரோவேவ் அடுப்போட கதவ ஓடும்போதே திறந்ததால வந்ததுன்னு கண்டுபிடிச்சாங்க, நமக்கு வர்றதெல்லாம் சாதாரணம்.

ஹார்னோட குறை, தெர்மாகோல். ஆடிக் காத்துல எங்களோடது மாடியில இருந்து பறந்து புங்க மரத்துல மாட்டிக்கிச்சு. இப்ப மரச்சட்டத்துல கட்டி, வடக்கு தெக்கு மட்டும் சாயுற மாதிரி ஒரே ஒரு கீல் போட்டிருக்கோம், கிழக்கு மேற்கு வேலைய பூமி பாத்துக்குது. ஊட்டில இதுக்கு இன்னும் ஒரு படி மேல யோசிச்சிருக்காங்க, மலைச்சரிவு 11 டிகிரிக்குக் கொஞ்சம் மேல, அந்த எடத்தோட அட்சரேகையும் அதே, அதனால டெலஸ்கோப்போட நீள அச்சு பூமியோட அச்சுக்கு இணையா வந்துடுது, ஒரே அச்சுல திருப்பினா ஒரு பொருள ஒன்பதரை மணி நேரம் விடாம பின்தொடரலாம். மலையையே ஸ்டாண்டா வெச்சுட்டாங்க, எங்க ஒத்தக் கீல போட்டதுக்கு அப்புறம்தான் அதோட அருமை எனக்கு முழுசா புரிஞ்சுது.

செய்யவே வேண்டாம், பாத்தா போதும்னு இருக்குறவங்களுக்கும் வழி உண்டு. ஸ்வீடன்ல ஓன்சாலா ஆய்வகத்துல சால்சான்னு 2.3 மீட்டர் டிஷ் வெச்சிருக்காங்க, நேரம் புக் பண்ணிட்டு இங்க இருந்தே திருப்பி இதே ஹைட்ரஜன பாக்கலாம், காசில்ல, நம்ம ஹார்ன விட பார்வையும் கூர்மை. நம்ம நாட்டுல ஆர்ஏடி அட் ஹோம்னு ஒரு குழு 2013-ல இருந்து மாணவங்களுக்கு ஜிஎம்ஆர்டி படங்கள எப்படிப் பாக்கணும்னு பழக்கி, புது கேலக்ஸிங்கள தேட வெக்கிறாங்க. காலேஜ்ல பிசிக்ஸ் படிக்கிறவங்க, ஆராய்ச்சிக்குப் போக நெனக்கிறவங்க நேரா இதுக்கே போகலாம், சால்டரிங் தேவையில்ல. ஸ்கூல் புள்ளைங்களுக்கு மட்டும் நான் இத ரெண்டாவதாத்தான் குடுப்பேன், கையில செஞ்ச டப்பாவுல வர்ற மொண்ணை மேடு அவங்களோடது.

அதனால என்னோட கணக்கு இது. உங்ககிட்ட ஒரு நாள்தான் இருக்கு, சயின்ஸ் எக்ஸிபிஷன், கூட்டமா புள்ளைங்க வருவாங்கன்னா குடை, யோசிக்கவே வேண்டாம். தோட்டமும் ராத்திரியும் இருந்தா கம்பி, ஆனா மார்கழி தை மாசி மாதிரி வானம் தெளிவா இருக்குற மாசத்துல வியாழன் ராத்திரி மேல இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க. ஒரு மொட்டை மாடி, ஒரு டெர்ம், பத்து பதினஞ்சாயிரம் ரூபாய், கூட நிக்க அஞ்சாறு புள்ளைங்க இருந்தா ஹார்ன், ஹார்ன், ஹார்ன்தான். பணம் பத்தலன்னா டாங்கிள மட்டும் வாங்கி வெச்சுட்டு மொதல்ல குடையில பழகுங்க, எல்என்பி கீழ எறக்கிக் குடுக்குற அலைய அதே டாங்கிள்ல பாக்கலாம், பின்னாடி ஹார்னுக்கும் அதுவேதான் ஆகும், வீணாப் போகாது. என்ன ஒண்ணு, எல்என்பிக்கு செட் டாப் பாக்ஸ் அனுப்புற 13, 18 வோல்ட் டாங்கிளுக்குள்ள போயிடாம நடுவுல கரண்ட மட்டும் பிரிச்சு விடுற இன்செர்ட்டர் போட்டுக்குங்க, இல்லன்னா டாங்கிள் போயிடும்.

ரெண்டு குடையோட சிக்னல கலந்து ஒரே பெரிய டெலஸ்கோப் மாதிரி பாக்குற இன்டர்ஃபெரோமீட்டர் செய்யலாமான்னு போன வாரம் ஒருத்தர் கேட்டாரு. செய்யலாம், ஜிஎம்ஆர்டி 25 கிலோமீட்டருக்கு டிஷ்ஷ பரப்பி வெச்சு செய்யுறதும் அதத்தான், ஆனா ரெண்டு காதுக்கும் ஒரே கடிகாரம் வேணும், ரெண்டு டாங்கிளுக்கும் ஒரே கிரிஸ்டல்ல இருந்து துடிப்பு குடுக்கணும், அது மொத வருஷத்து வேலை இல்ல. எங்க புள்ளைங்க இப்ப பத்தாவது, பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன், அதுக்குள்ள ரெண்டு பேரு இன்னொரு தின்னர் டப்பா கொண்டு வந்து ஸ்டாஃப் ரூம்ல என் மேஜைக்கு அடியில வெச்சுட்டுப் போயிருக்காங்க, ஸ்கேல் வெச்சுப் பாத்தேன், 16 செமீ இருக்கு.